இங்கிருந்தும் மலை தெரியும்

ராத்திரி எட்டரை என்றால்
ஜார்ஜியாவில் காலை பதினொன்று.
ரிங் ரோட்டுக் கண்ணாடிக் கட்டடம், மூன்றாம் மாடி,
பதினேழாம் நாற்காலி.
ஏழைகாத்தாள் என்பது அவர்கள் வாயில் நுழையாதாம்,
எனக்கு எல்லா என்று பெயர் வைத்தார்கள்.
எங்களூரில் அதற்கு என்ன பொருள் என்று
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பயிற்சியில் முதல் வாரம் ஆறுகள்.
சாட்டஹூச்சி, ஒக்மல்கி, ஓக்கனி.
வெள்ளலூரும் திருவாதவூரும் சொல்லி வளர்ந்த நாக்கு
இதற்கெல்லாம் அசரவில்லை.
மூன்றிலும் தண்ணீர் ஓடுகிறது என்பதைத்தான்
நம்பக் கொஞ்சம் நாளானது.

இரண்டாம் வாரம் வானிலை.
ஜூலையில் தொண்ணூறு டிகிரி என்றதும்
"செத்துருவாய்ங்களே" என்று பதறினான் பாண்டிச்செல்வம்.
அது வேற டிகிரி என்றார் டீம் லீடர்.
மார்ச் கடைசியில் பைன் மரங்கள் மகரந்தம் உதிர்த்து
நிற்கிற காரையெல்லாம் மஞ்சளாக்கும்,
மாமன் மகள்கள் தெருவில் புகுந்தது மாதிரி.
ஜூன் பிறந்தால் புயல் காலம், நவம்பர் முடிய.
மதியத்துக்கு மேல் இடி.
எங்கள் இடி மாதிரி ஏமாற்றுகிற இடி இல்லை,
சொன்னால் வரும்.

அப்புறம் துணுக்குகள். காத்திருக்கும் ஆளைக்
கலகலப்பாக வைக்க:

சவானா ஓக் மரங்களில் சடை சடையாய்த் தொங்கும்
ஸ்பானிஷ் பாசி, ஸ்பானிஷும் இல்லை, பாசியும் இல்லை,
அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.
கெய்ன்ஸ்வில்லில் பொரித்த கோழியை
முள்கரண்டியால் தின்றால் சட்டப்படி குற்றம்.
(அன்றைக்குக் கேண்டீனில் நாங்கள் அத்தனை பேரும் நிரபராதிகள்.)
அட்லாண்டாவில் பீச்ட்ரீ என்ற பெயரில்
எழுபது தெரு. இங்கே நாலு மாசி வீதிக்கே
ஆட்டோக்காரரோடு சண்டை.

ஜப்பானிலிருந்து போன குட்ஸு கொடி
அங்கே வீட்டையும் லைட் கம்பத்தையும் மூடுகிறதாம்.
எங்கள் கண்மாய்க்குள் நிற்கிற சீமைக்கருவேலம்
உங்கள் கண்டத்து ஆள்தானய்யா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஸ்கிரிப்டில் அதற்கு இடமில்லை.

நேற்றுக் கடைசி அழைப்பு, விடியற்காலை ஐந்தேமுக்கால்.
ஓஹையோக்காரர், பெயர் வார்னர்,
நாளைக்கு இரண்டு பையன்களோடு ஸ்டோன் மவுண்டன் ஏற வேண்டும்.
எவ்வளவு தூரம்? ஒரு மைல்.
சிரமமா? கடைசியில் செங்குத்து, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்,
தண்ணீர் கொண்டு போங்கள், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.
பாறையில் உருவங்கள் இருக்கிறதாமே?
மூன்று குதிரைக்காரர்கள். தோற்ற போரின் தலைவர்கள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.
பிறகு,
"நீ இருக்கிற இடத்திலிருந்து மலை தெரியுமா, எல்லா?"

இருக்கிற இடத்தைச் சொல்லக் கூடாது. முதல் விதி.
திரும்பிப் பார்த்தேன்.
லாரி விளக்குகளுக்கு அப்பால் ஒத்தக்கடைப் பக்கம்
இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுவிட்டு
யானைமலை எழுந்துகொண்டிருந்தது,
இல்லை, படுத்தபடியே இருந்தது.
தெரிகிறது என்றேன்.

என்ன நிறம்?
சாம்பல். ஓரத்தில் மட்டும் செங்கல் சிவப்பு.
"அஸ்தமனமா?"
அது மாதிரிதான்.

இந்த மலையிலும் பாறையில் ஆட்கள் உண்டு.
குதிரை கிடையாது, துணி கிடையாது,
காலை மடித்து உட்கார்ந்தவர்கள்,
எந்தப் போருக்கும் கிளம்பாதவர்கள்.
கீழவளவுக் குவாரியில் கல் உடைத்தவர் அப்பா.
கல்லெல்லாம் எங்கே போகுது என்றால்
"கப்பல்ல" என்பார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு.
ஜார்ஜியாவிலும் எல்பர்ட்டன் என்று ஒரு கிரானைட் ஊர்,
கல்லறைக் கல் செதுக்கும் ஊர்.
அந்தப் பக்கம் வரும்போது மட்டும்
திரையை வேகமாய்த் தள்ளிவிடுவேன்.

மதிப்பெண் வந்தது.
உள்ளூர் விவரம்: ஐந்துக்கு ஐந்து.

கேப் ஒத்தக்கடை தாண்டும்போது
முழு வெயில் மலை மேல்.
பாண்டிச்செல்வம் வாயைப் பிளந்து தூங்குகிறான்.
இவ்வளவு பக்கத்தில் இருந்தும்
இரண்டில் எதிலுமே
நான் ஏறியதில்லை.